கழுத்தில் கட்டிய இருபத்தெட்டு

நேற்று பேத்தி வேலை பார்க்கும் ஆசுபத்திரிக்குப் போயிருந்தேன். அவள் டாக்டருக்குப் படித்தவள். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வராந்தாவில் லைசால் ஊற்றித் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி ஏறியதும் உன் வெள்ளைச் சேலை நினைவுக்கு வந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது.

நாம் இருவரும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். நீ மேலே படித்து மிஷன் ஆசுபத்திரியில் நர்ஸ் ஆனாய். இந்த ஜில்லா மலையாளச் சீமையோடு இருந்த காலத்தில், பிறந்து ஒரு மாதம்கூடத் திகையாத என் மூத்த பையனைத் தூக்கிக்கொண்டு திருவட்டாற்றிலிருந்து அங்கே வந்தேன். பால் குடிக்கும்போது அவன் உதடு நாவற்பழம் தின்றதுபோல் நீலமாகும். மூச்சை இழுக்கும்போது தொண்டையில் சீழ்க்கைபோல ஒரு சத்தம்.

டாக்டர் சொன்னதை நீதான் எனக்கு விளங்கும்படி திருப்பிச் சொன்னாய்.

"நெஞ்சுல பிறவியிலேயே ஒரு ஓட்டை இருக்கு. அதை இங்க யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா தொண்டையில மூச்சு போற வழியும் நெருங்கிக் கிடக்கு. பெலமில்லாத நெஞ்சு, மூச்சுக்கும் மல்லுக்கெட்டினா தாங்குமா? கழுத்துல கீறி வெள்ளிக் குழல் வச்சா மூச்சாவது லேசாவும்."

மயக்க மருந்தை அந்த நெஞ்சு தாங்குமா என்று கேட்டேன். "தெரியாதுட்டி" என்றாய். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் சம்மதித்தேன். தாங்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போயிருப்பேன்.

தாங்கியது. குழல் நழுவாமலிருக்க, வெள்ளை நாடாவால் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்தீர்கள்.

இருபத்தெட்டு வந்தது. பிறந்த இருபத்தெட்டாம் நாளில் பிள்ளைக்கு அரையில் கறுப்புச் சரடு கட்டும் சடங்கு. சரடோடு ஆசுபத்திரிக்கு வந்த என் மாமியார், கழுத்தில் நாடாவைக் கண்டார்.

"எம் பேரனுக்கு வேதக்காரக் கயிறு கெட்டினது யாருட்டி?"

மிஷன்காரர்கள் பிள்ளையைக் கிறிஸ்தவனாக்கக் கட்டிய கயிறு என்று நினைத்து, கேட்டபடியே முடிச்சை இழுத்து அவிழ்த்துவிட்டார். குழல் பாதி வெளியே வந்தது. பிள்ளை நீலம் பாரித்தது. நீ ஓடி வந்து குழலை உள்ளே அமர்த்தி விரலால் பிடித்துக்கொண்டாய். சத்தம் போடுவாய் என்று நினைத்தேன்.

"வேதக் கயிறு இல்ல மாமி. இதும் இருபத்தெட்டு கெட்டுதான். ஆசுபத்திரியில அரையில கெட்டமாட்டோம், கழுத்துலதான்."

"கெட்டுனா பாட்டிக்காரியில்லா கெட்டணும்? நீ யாருட்டி கெட்டுததுக்கு?"

"அதுக்கென்ன, இப்ப நீங்களே கெட்டுங்க. நான் பிடிச்சிக்கிடுதேன். நல்லா கெட்டணும், கேட்டியளா? அவுந்தா பிள்ளைக்குத் தோஷம்."

மாமியார் பெருமாளை வேண்டிக்கொண்டு கட்டினார்.

அதன்பின் அந்த நாடாவுக்குக் காவல் அவர்தான். மாற்றும்போதெல்லாம் நீ குழலைப் பிடிக்க, முடிச்சுப் போடுவது அவர். ஒருநாள் பெரிய டாக்டர் பிள்ளையின் கழுத்தில் கை வைக்கப் போனார். "வேய், கெட்டுல தொடாதேயும்" என்று கையைத் தட்டிவிட்டார் மாமியார். நீ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாய்.

நான் சிரித்தேனா என்று நினைவில்லை. எனக்கு வேறொன்று பழகாமல் கிடந்தது. காற்று குழல் வழியே போய்விடுவதால் பிள்ளை அழுதால் சத்தம் வராது. முகம் கோணும், கண்ணீர் வழியும், அவ்வளவுதான். வேறு பக்கம் திரும்பி நின்றால் அவன் அழுவதே தெரியாது. அதனால் நான் திரும்பவில்லை.

அவன் நடக்கத் தொடங்கிய பிறகு, தொண்டை வழி அகன்றுவிட்டதென்று குழலை எடுத்தார்கள். கட்டை அவிழ்க்கவும் மாமியார்தான். டாக்டர் காத்து நின்றார். கீறலைத் துணியால் மூடியதும் பிள்ளை திணறினான். பிறகு வாயைத் திறந்து கரகரவென்று அழுதான். நான் தூக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"எடுக்காதேட்டி. கொஞ்சம் அழட்டும், கேப்போம்."

மாமியாரும் நீயும் நானும் நின்று கேட்டோம்.

நெஞ்சின் ஓட்டை தானாகவே சுருங்கிவிட்டது என்றார்கள் பின்னால் பார்த்த டாக்டர்கள். அவனுக்கு இப்போது அறுபது கழிந்துவிட்டது. மாமியாரிடம் அந்த நாடாவைப் பற்றிய உண்மையை நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் பிள்ளை அழுதால் எல்லாரும் "அழாதே, அழாதே" என்று ஓடுவார்கள். அந்தச் சொல்லை நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. கிழவிக்குக் கல்நெஞ்சு என்கிறார்கள் பேரன் பெண்டாட்டிகள். சொல்லட்டும். கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.