தடுப்புக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள தம்பி,

வான்கூவரில் விமானம் ஏறிவிட்டேன். சிட்னி வரைக்கும் படுத்துக்கொண்டே வர பிசினஸ் கிளாஸ் டிக்கெட் அனுப்பியிருக்கிறாய். அப்பா போனபிறகு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூடப் போடாதவன் நீ. அதனால் ஏறும்போதே சந்தேகம்தான். ஷாம்பெயினை முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கையில் முட்டை சாண்ட்விச் இருந்தது, நம் வீட்டுக் கோழி முட்டை. கோழிகளில் பாதியை நரி கொண்டுபோய்விட்டது. அது கிடக்கட்டும்.

பக்கத்து இருக்கையில் ஓரின் என்று ஒருவர். நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு. ஏரிக்கரையில் அப்பா நம் இருவருக்கும் விட்டுப்போன வீடு இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

"கூரை வேற ஒழுகுதே, வித்துட்டு நிம்மதியா இருக்கலாமேம்மா" என்றார்.

கூரை ஒழுகுவதை உனக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். நீ பதிலே போடவில்லை.

"நீங்க என் தம்பியோட வக்கீலா?"

"சும்மா பேசிட்டு வரச் சொன்னாரு. கையெழுத்து சிட்னியில போட்டாப் போதும்."

நடுவில் இறங்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறாய். பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன்.

"இவரு மூஞ்சி தெரியாம இருக்க வழி இருக்கா?"

"இந்தப் பொத்தானை அமுக்குங்கம்மா."

நடுவில் தடுப்பு எழும்பியது. ஓரினின் சிரிப்பு மறைந்தது.

இதுவரை நீ எனக்கு வாங்கித் தந்ததில் நல்ல பொருள் அந்தத் தடுப்புதான். வீட்டை விற்க மாட்டேன். இந்தக் கடிதத்தை அந்தத் தடுப்புக்கு மேலாக உன் வக்கீலிடமே நீட்டுகிறேன். வரவேற்க வந்தால் பேனா இல்லாமல் வா.

உன் அக்கா