பதினேழாம் டோக்கனில் என் கணவருக்கு எடுத்த ஸ்கேன்

அனுப்புநர்:
அல்லி, வயது 24,
பால்வாடி ஆசிரியை,
காரைக்கால்மேடு,
காரைக்கால்.
(கணவர் பெயர் ஏழாம் பத்தியில் எழுதப்பட்டுள்ளது.)

பெறுநர்:
உயர்திரு நிர்வாக அதிகாரி அவர்கள்,
காரைக்கால்.

பொருள்: கடலோரத் தாய்சேய் நலத் திட்ட வண்டியிலுள்ள ஸ்கேன் கருவியைத் திருப்பி அனுப்பாமல், வயிற்றில் அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே பார்க்கப் பயன்படுத்தக் கோருதல், டாக்டர் கமர் நிஷா அவர்கள் மீதான குற்றச்சாட்டை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இது புகார் மனுதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் சந்தோஷம் முந்திக்கொண்டு வருகிறது. என் கணவர் உயிரோடு இருக்கிறார். இதை நான் எழுதும்போது அவர் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, தூளிக் கயிற்றை ஒரு கால்விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டிருக்கிறார். தூளியில் இருப்பது மே மாதம் பிறந்த எங்கள் பெண் குழந்தை. அவர் உயிரைக் காத்த டாக்டருக்குத் தண்டனை வரப்போகிறது என்று கேள்விப்பட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

2. கடந்த 5-4-1988 செவ்வாய்க்கிழமை காலை சுமார் ஒன்பது மணிக்கு, மீனை இறக்கிவிட்டு வள்ளத்தைக் கரையேற்றும்போது ஓர் அலை அதைத் தூக்கிப் போட்டது. வள்ளத்தின் மூக்கு என் கணவரின் இடது விலாவுக்குக் கீழே வயிற்றில் மோதியது. தோல் கிழியவில்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவர் எழுந்து நின்றார், சிரிக்கவும் செய்தார். எங்கள் ஊரில் ரத்தம் வராத அடியை யாரும் அடியாகவே மதிப்பதில்லை. மூச்சுப்பிடிப்பு என்று சொல்லி ஒரு கோலிசோடா உடைத்துக் கொடுப்பார்கள், விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடுவார்கள். நீவுவதில் கைதேர்ந்த காசியம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, ஒரு கை எண்ணெயை அவர் வயிற்றில் வைத்தும் விட்டார்.

3. ஐயா, நான்கு ஆண்டுகளுக்கு முன் என் கணவரின் அண்ணன் முத்தையனுக்கும் இதே அடி, இதே சோடா, இதே எண்ணெய். காலையில் அடிபட்டவர் மத்தியானம் கஞ்சி வேண்டாம் என்றார், பொழுது சாய்வதற்குள் முகம் வெளுத்து அடங்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யாரைக் குறை சொல்வது? வயிற்றுக்கு உள்ளே பார்க்க எங்களில் யாருக்கும் கண் இல்லை. அன்று காசியம்மா கையில் அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு முத்தையன் முகம்தான் கண்ணில் வந்தது.

4. அன்று தாய்சேய் நல வண்டி எங்கள் ஊருக்கு வரும் நாள். பால்வாடிக்கு எதிரே வண்டி நின்றது. நானும் அப்போது எட்டு மாதம், டோக்கன் எண் 17. அந்த வயிற்றோடு மணலில் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். என் கணவரை நாலு பேர் பிடித்து வண்டியருகே கொண்டுவந்தார்கள். ஆனால் அவர் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தார். "நான் என்ன புள்ளத்தாச்சியா? பொம்பளைங்க வண்டியில ஏறிப் படுத்தா நாளைக்கு மீன் ஏலத்துல என்னை என்னன்னு கூப்புடுவாங்க?" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். டாக்டரம்மா மட்டும் சளைக்காமல், "ஏறிப் படுங்கண்ணே, இருக்கா இல்லையான்னு நான் பாத்துச் சொல்றேன்" என்றார். சிரிப்புக்குப் பயந்துதான் அவர் சட்டென்று ஏறிப் படுத்தார்.

5. அதன் பிறகு நடந்ததைத் தாங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். கருவியை வயிற்றில் வைத்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. பெட்டித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மண்ணீரலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை. "இதெல்லாம் ரத்தம். உள்ளேயே கொட்டிக்கிட்டிருக்கு. இனிமே யாரும் வயித்தத் தொடாதீங்க" என்றார். அதுவரை வீட்டுக்குப் போகிறேன் என்று குதித்தவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அசையாமல் படுத்துக்கொண்டார். காசியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். டாக்டரம்மா ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதி ஒருவரிடம் கொடுத்து, ஐஸ் கம்பெனி போனிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லச் சொன்னார். டிரைவர் சேக் பரீது அந்த வண்டியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு பறந்தார். வழியிலேயே குளுக்கோஸ் ஏறியது. அங்கே போனால் வாசலிலேயே ஸ்ட்ரெச்சர், உள்ளே தியேட்டர் தயார், ரத்தம் தயார்! வண்டி நின்றதும் நேரே ஆபரேஷன். மறுநாள் அங்கே இருந்த பெரிய டாக்டர் என்னிடம், "வயித்துக்குள்ள என்னன்னு கண்டுபுடிக்கவே எங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும். ஒங்க வீட்டுக்காரருக்கு அந்த ரெண்டு மணி நேரம் இல்லம்மா" என்றார். தன் விளக்கெண்ணெய் இருந்ததால்தான் படம் பளிச்சென்று தெரிந்தது என்று காசியம்மா இன்றுவரை சொல்லித் திரிகிறார். சொல்லிக்கொள்ளட்டும்.

6. இப்போது குறைக்கு வருகிறேன். திட்டத்தின் தணிக்கையாளர் வந்து பதிவேட்டைப் பார்த்திருக்கிறார். அதில் அன்றைய தேதியில், "டோக்கன் 17. அல்லி. எட்டு மாத கர்ப்பம். மண்ணீரல் கிழிந்து வயிற்றில் ரத்தம். உடனே ஆபரேஷன்" என்று இருக்கிறது. ஊரில் விசாரித்து, அன்று படுத்திருந்தது ஓர் ஆண் என்று தெரிந்துகொண்டிருக்கிறார். கர்ப்பிணிகளுக்கு மட்டும் என்று வாங்கிய கருவியில் ஓர் ஆணைப் பார்த்ததும் அல்லாமல், அதை மறைக்கக் கர்ப்பிணியின் பெயரில் பொய்ப் பதிவு செய்தார் என்று டாக்டரம்மாவிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தவறாகப் பயன்படுத்தியதால் கருவியை வருகிற 30-ஆம் தேதி திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம்.

7. ஐயா, அந்தத் தவறு என்னுடையது. திரையில் ரத்தம் தெரிந்ததும் வண்டியிலிருந்த நர்சம்மா பேனாவோடு என்னைப் பார்த்து, நோயாளி பெயர் என்ன என்று கேட்டார். கட்டியவர் பெயரைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம் இல்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள். அவர் ஆயுசு ஏற்கெனவே அந்தத் திரையில் குறைந்துகொண்டிருந்த நேரத்தில் நான் எப்படி வாயைத் திறப்பேன்? கையில் இருந்த டோக்கனை நீட்டினேன். நர்சம்மாவும் அவசரத்தில் டோக்கனுக்கு உரிய பெயரை எழுதிவிட்டார். டாக்டரம்மா பதிவேட்டின் பக்கம் திரும்பக்கூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் டிரைவர் சேக் பரீது, அவரிடமே கேட்டு, பெயரைச் சொன்னதால் அங்கே சரியாகவே பதிவாகியிருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை செய்த வேலையா இது என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆகவே என் கைப்பட எழுதுகிறேன். என் கணவர் பெயர் மருதையன். அன்று அந்த வண்டியில் படுத்திருந்தவர் மருதையன். நான் அல்ல.

8. எனவே தாங்கள் தயவுசெய்து டாக்டர் கமர் நிஷா அவர்களிடம் கேட்ட விளக்கத்தைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். ஸ்கேன் கருவி எங்கள் வண்டியிலேயே இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது வேண்டும், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் வள்ளம் மோதியவர், பனைமரத்திலிருந்து விழுந்தவர், மாடு முட்டியவர், பஸ் இடித்தவர் யாராக இருந்தாலும், ஆணா பெண்ணா என்று பாராமல், ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே அதில் பார்த்து, பார்த்ததை முன்கூட்டியே போனில் சொல்ல உத்தரவு இட வேண்டும். பக்கத்து ஊர்களான தலத்தெருவிலும் தருமபுரத்திலும் உள்ளவர்களும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டு, கையெழுத்துப் போட முன்வந்திருக்கிறார்கள். என் டோக்கன் அவருக்குப் போனதால் அன்று எனக்குப் பார்க்கவில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டாள். அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

9. காகிதத்தில் எழுதியது போதாது, நேரில் சொன்னால்தான் ஏற்பார்கள் என்றால் என்னை விசாரணைக்குக் கூப்பிடுங்கள். கைக்குழந்தையோடு வருகிறேன். அவரையும் கூட்டி வருகிறேன், வயிற்றில் தையல் போட்ட தழும்பைக் காட்டுவார். பதிவேட்டைத் திறந்து வைத்து, நோயாளி பெயர் என்ன என்று இன்னொரு முறை கேளுங்கள். இந்தத் தடவை அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்கிறேன்.

30-ஆம் தேதிக்கு முன் தங்கள் உத்தரவு வரும் என்று நம்பியிருக்கும்,

(ஒப்பம்)
ம. அல்லி,
க/பெ. மருதையன்

இடம்: காரைக்கால்மேடு
நாள்: 17-6-1988