பெட்டி இல்லாமல் மூன்று குரல்

மார்ச் 23, திங்கள்
காலையிலேயே அனல். பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தல் பாக்கி.

தோசை வார்க்கையில் போனில் மறுபடி அந்தப் பாட்டு. பல நூறு வருடம் முன்பு இங்கிலாந்துக் கோயில்களில் பாடியது. கருவி கிடையாது, மூன்று ஆண்குரல் மட்டும். ராகம் மேலே இல்லை, நடுக்குரலில். மற்ற இரண்டும் அதற்கு மேலும் கீழும் கூடவே நடக்கின்றன. நடுக்குரல் தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை. இவரைப் போல. கல்யாணமாகி இருபது வருடம், எந்தக் கூட்டத்திலும் இவர் குரல் தனியாகக் கேட்டதில்லை.

பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனையில் பாட அனுமதி கிடைத்துவிட்டது! நடுக்குரல் இவர். மேலே பாடகர் குழுப் பையன் செல்வின். கீழே பாடகர் குழுத் தலைவர் ஜெயராஜ் அண்ணாச்சி. கீபோர்டு வாசிக்கும் நான் சும்மா இருக்க வேண்டும்.

லத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தர வேண்டும். துவரம்பருப்பு வாங்க வேண்டும்.

மார்ச் 28, சனி
ஒத்திகை. செல்வின் உச்சத்தில் எடுத்ததும் அண்ணாச்சி, "ஏலே, பொம்பளையாளு பக்கம் போய் உக்காந்துக்கோ."

"போறேன் அண்ணாச்சி. அங்கனதான் ஃபேன் ஓடுது."

பாடி முடித்ததும் கீபோர்டைத் தொட்டுப் பார்த்தேன். மூவரின் சுருதியும் அரைக்கட்டை இறங்கியிருந்தது. அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அடுத்த பாட்டுக்கு உங்க கீபோர்டுப் பெட்டி சேரும்போது சபையே சிரிக்கும்லா, டீச்சர். வெள்ளிக்கிழமையும் இறங்குச்சுன்னா இதோட விட்டுருவோம், கேட்டியளா."

பைக்கில் வரும்போது இவர்: "மேலயும் கீழயும் ஆள் நிக்காங்கன்னு ஒரு தைரியம் வருது." அவ்வளவுதான். இவர் பாடிக் கேட்பது இந்த ஒரு தடவையோடு முடியக் கூடாது, ஆண்டவரே.

ஏப்ரல் 1, புதன்
மறுபடி ஒத்திகை, மறுபடி அரைக்கட்டை. ஆனால் பாட்டுக்குள் பிசிறே இல்லை. சேர்ந்தே இறங்குகிறார்கள். கீபோர்டு காட்டிக் கொடுக்காவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்தக் காலத்தில் காட்டிக் கொடுக்க யார் இருந்தார்கள்?

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி
வேனல். சர்ச் நிறைய ஆள். சிலுவையின் ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதன் செய்தி முடிந்து மூவரும் எழுந்தார்கள். குழந்தைகள்கூட அடங்கிவிட்டன. நடுவில் இவர் கண்ணை மூடிக்கொண்டு. அழகு.

எனக்கு ஒரு காதில் இயர்போன், கீபோர்டு சத்தம் எனக்கு மட்டும். கடைசி வரியில் கட்டையைத் தொட்டேன். அதே அரை. சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தடவை கீழே அழுத்தி, கீபோர்டிலிருந்து இயர்போன் ஒயரைக் கழற்றினேன். விரல்கள் வழக்கமான இடத்தில், சத்தம் மட்டும் இறங்கிவந்து அவர்களோடு சேர்ந்தது. சபை எழுந்து அடுத்த பாட்டைப் பாடியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து கஞ்சி வரிசையில் அண்ணாச்சி: "பாத்தியளா டீச்சர், இம்மி இறங்கல! அடுத்த வருசம் ரெண்டு பாட்டு."

அவர் நகர்ந்ததும் இவர் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள என் தட்டில் காணத்துவையலை வைத்துக்கொண்டே, மெதுவாக, "எவ்வளவு?"

"அரை."

"மூணு பேருமா?"

"மூணு பேரும்."

கஞ்சியில் உப்பு கம்மி. இவர் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.