ஒன்பது பேர் குறித்த ஒரே தவறு

சிங்காநல்லூர்,
திங்கள் காலை

அன்பு மகள் கெசியாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நலம். தபால் வந்து சேர நாளாகும் என்று இதைப் படமெடுத்துப் போனிலேயே அனுப்புகிறேன். மஸ்கட்டில் நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது, நேற்று போனில் நீ கேட்ட கேள்வி அப்படி. "பதினோரு பேரும் மக்குங்களாம்மா, இல்ல நாந்தான் மக்கு டீச்சரா?" என்று கேட்டுவிட்டு அழுதாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாக் கிளைப் பள்ளிகளுக்கும் ஒரே தாளாக வைத்த கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களைத் தனிப் பிரிவுக்கு மாற்ற, வியாழனுக்குள் பெயர்ப் பட்டியல் கேட்கிறார்கள் என்றாய். அதில் பெயர் ஏறிவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன்னை மக்கு என்றே நம்பிவிடும் கண்ணு, அதுதான் என் பயம்.

உன் வகுப்பில் அப்படிக் குறைந்த பதினோரு பேரின் விடைத்தாள் என்று நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தப்பான விடைகளை மட்டும் பார்த்தேன். பதினான்காம் கேள்வி, நான்கு எண்களில் பெரியது எது என்பது. சரியான விடை 3.4. பதினோரு பேரில் ஒன்பது பேர் 3.25 என்று குறித்திருக்கிறார்கள். ஒன்றும் தெரியாத பிள்ளைகள் குறித்தால் விடைகள் நாலு பக்கமும் சிதறும். ஒன்பது பேரும் ஒரே இடத்தில் விழுந்தால் அது யோசித்துச் செய்த தப்பு. மற்ற இருவரின் விடைகள் சிதறித்தான் இருக்கின்றன, அவர்களை வேறு விதமாகப் பார்க்க வேண்டும்.

நானும் டீச்சராக இருந்த காலத்தில் வகுப்பில் "மூன்று புள்ளி இருபத்தைந்து" என்றுதான் படித்துக் காட்டுவேன். ரித்திகா என்று ஒரு வாயாடி எழுந்து, "ஏனுங்க டீச்சர், நாலை விட இருபத்தஞ்சு பெருசுதானுங்க, நீங்க சொன்னதுதானுங்க" என்றாள். அன்றிலிருந்து "இரண்டு, ஐந்து" என்று பிரித்துப் படித்தேன். அதற்குள் நீ என் வகுப்பைத் தாண்டிப் போயிருந்தாய். நேற்று நீயும் "த்ரீ பாயிண்ட் ட்வென்டி ஃபைவ்" என்றுதான் படித்தாய். என் தப்பு கடல் தாண்டிப் போய்விட்டதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. உன் அப்பாவும் அப்படித்தான். காந்திபுரத்தில் எடை பார்த்து, 68.5 இருந்தது 68.25 ஆனதற்கு, "ஏறிப்போச்சு சாராள்" என்று இட்லியில் ஒன்றைக் குறைத்துவிட்டார். சிரித்துவிட்டேன், பிறகு உன் பிள்ளைகளை நினைத்துக் கலங்கினேன்.

நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் பார்க்காமல் பட்டியலில் கையெழுத்துப் போடாதே. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னையும் உன் வகுப்பையும் காப்பாராக. நாளை அந்த ஒன்பது பேரில் ஒருவரைக் கூப்பிட்டு, 3.25 ஏன் பெரியது என்று கேள், பதில் முடியும்வரை குறுக்கே பேசாதே.

உன் அம்மா,
சாராள்