கழுத்தில் தொங்காத சப்பாத்து

மாப்ளே,

யாரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தே இந்தக் கதையைத் தொடங்குகிறேன். இன்று காலை லண்டனில் என் அறைக்குக் கீழேயுள்ள கடையில் ஒரு தேயிலைப் பொட்டலம் வாங்கினேன். அதன்மேல் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி பல் தெரியச் சிரிக்கிறாள். உடுத்தியிருப்பது பட்டு, காலில் இரத்தம் குடிக்கும் அட்டை ஒன்றுகூட இல்லை. "இவ எந்தத் தோட்டம்னு விசாரிங்க மாமா, பேட்டி எடுத்துருவோம்" என்று நீ காதோரம் சொன்னதுபோல் இருந்தது. கடைக்காரர் முன்னால் சிரித்துவிட்டேன். பிறகு பொட்டலத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மாடியேறினேன்.

உன் பெருமையை நான் இங்கே எப்படிப் பரப்பி வைத்திருக்கிறேன் தெரியுமா? இலங்கை மலைநாட்டு அட்டன் பஜாரில், முஸ்லிம் நானா ஒருவரின் துணிக்கடைப் பின்னறையில் நீ நடத்திய நாலு பக்கப் பத்திரிகை வெளிவரும் நாளில், பதுளை ரயில் நின்று அதைப் படித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பும் என்றேன். நம் தோட்டத்து மக்களின் வாக்குரிமையை அரசாங்கம் பறித்தது பற்றி நீ எழுதிய தலையங்கத்தில் நோர்வூட் மூடுபனியே தீப்பிடித்தது என்றேன். வெள்ளைக்காரர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

அவர்கள் நம்ப மறுத்தது வேறொன்றை. கோட்டும் டையும் போட்ட பத்திரிகை ஆசிரியர், மழையில் தேயிலை மலைக்குள் இறங்கும்போது காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றி, அதன் கயிற்றை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொள்வார் என்பதை. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த எவனும் அப்படித்தான் இறங்குவான். வழுக்குகிற களிமண்ணைப் பிடிக்கக் கால்விரல் வேண்டும். கொழுந்துக்காரப் பெண்கள் உன்னைத் தூரத்திலேயே கண்டுகொள்வார்கள்.

"ஏன்டி, சப்பாத்து கழுத்துல வருது, தொர எங்கடி?"

"பின்னாடியே நானும் வர்றேன் அக்கா. இன்னைக்குத் தராசுல எத்தன றாத்தல் வெட்டுனாங்க, அதச் சொல்லுங்க."

அந்தத் தராசைப் பற்றித்தான் நீ கடைசியாக எழுதினாய். அவர்கள் பறித்த கொழுந்தை நிறுவையில் விழுங்குகிறவர்களின் பெயர்களை அச்சிட்டாய். அடுத்த வாரம் றொசல்லவுக்கு மேலே, தார் ரோட்டுக்குக் கீழே ஒரு தேயிலைச் சரிவின் அடியில் பிணமாகக் கிடந்தாய். குடித்துவிட்டு மலையில் இறங்கும்போது வழுக்கி விழுந்தாய் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள்.

போன வருடம் கப்பலேறி ஊருக்கு வந்து உன் அம்மாவைப் பார்த்தேன். என் தங்கச்சி அழவில்லை.

"அண்ணே, நீங்க ஊரெல்லாம் புளுகுற ஆளு. எம்புள்ள விழுகலேன்னு ஒரு வரி நெசமா எழுதுவீங்களா?"

"எழுதுறேன் தாயி. எத வச்சு எழுத?"

"கால்ல சப்பாத்து இருந்துச்சுண்ணே. கயிறு இறுக்கிக் கட்டியிருந்துச்சு. நாந்தான் அவுத்தேன்."

  நீ அந்த மலைக்குள் நடந்து இறங்கவே இல்லை. உன்னை ரோட்டிலிருந்து தள்ளிவிட்டவர்கள் மழையில் தேயிலைக்குள் ஒருநாளும் இறங்கியறியாதவர்கள்; சப்பாத்து எங்கே இருக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பொலிஸ்காரரிடம் இதைச் சொன்னேன். சப்பாத்து போட்டிருப்பது குற்றமா என்று கேட்டார்.

உன் வாழ்க்கையை இங்கே புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், மாப்ளே. ரயில் நிற்கவில்லை, பனி தீப்பிடிக்கவில்லை. அவற்றையெல்லாம் அடித்துவிட்டேன். உன் அம்மா அவிழ்த்த அந்த முடிச்சு மட்டும் நிஜம். முதல் பக்கத்தில் அது மட்டுமே இருக்கிறது.