முறுக்கு எண்ணெயில் ஓடிய பஸ்

6 நவம்பர் 1956, செவ்வாய்
சூயஸ் கால்வாயை அடைத்துவிட்டார்களாம். எகிப்தில் கால்வாயை அடைத்தால் மலாக்காவில் என் பஸ் நிற்கிறது! டீசலை மிச்சம் பிடிக்க, நான் டைப்பிஸ்டாக இருக்கும் அலோர் காஜா வட்டார அலுவலகத்தில் திட்டம் போடுகிறார்கள். முதல் வெட்டு, காஜா பெராங்கிலிருந்து அலோர் காஜா போகும் காலை பஸ். அதை டைப் அடித்ததும் நான்தான். பதினைந்து மைல் வேறெப்படி வேலைக்குப் போவது?
"பஸ் நின்னா வேலய விட்டுடு" என்றார் இவர், சோற்றிலிருந்து தலை நிமிராமல். விடமாட்டேன்.

8 நவம்பர்
எங்கள் பஸ் டிரைவர் மீரான் பாய், யுத்தத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் தேங்காயெண்ணெயில் லாரி ஓட்டியவராம். பாதி டீசல், பாதி எண்ணெய், நன்றாக வடிகட்டினால் போதும் என்கிறார். தீபாவளி முடிந்து ஆறு நாள்தான். பலகாரம் சுட்ட எண்ணெய் எந்த வீட்டில் இல்லை?

9 நவம்பர்
செய்துவிட்டேன். திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் நானாக ஒரு வரி: "மாற்று எரிபொருள் சோதனை முடியும்வரை காலை பஸ்ஸை நிறுத்தலாகாது." யாழ்ப்பாணத்துக்காரரான தலைமைக் கிளார்க் பொன்னுதுரை ஐயா புரட்டிப் பார்த்துக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டார். கண்டுபிடிச்சா வேலை போயிடும். பஸ் நின்னாலும் போயிடும். ரெண்டும் ஒண்ணுதானே?

11 நவம்பர், ஞாயிறு
வீடு வீடாகப் போனேன். தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ்ச் செட்டிகளின் ஊரான செட்டி கம்பத்தில், சீதாக்கா மலாயில் கேலி செய்துகொண்டே ஒரு டின் நிறையக் கொடுத்தார். மொத்தம் நாலு டின்.

20 நவம்பர்
மேலிடத்துக் கடிதம். என் வரியைப் படித்துவிட்டு, வியாழக்கிழமை சோதனையைப் பார்க்க வருகிறார்களாம்.

21 நவம்பர்
பழைய வேட்டியில் எண்ணெயை வடிகட்டியது யார்? வேலையை விடச் சொன்ன மனுஷன்தான்!

22 நவம்பர்
ஓடியது! ஓரிடத்திலும் மக்கர் பண்ணவில்லை. வழியெல்லாம் முறுக்கு சுடும் வாசம். வந்த மூன்று அதிகாரிகளும் இறங்கியதும் முதலில் விசாரித்தது சாப்பாட்டுக் கடையைத்தான். வயிறு நிறைந்தபின், சோதனை தொடரட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.
சாயங்காலம் பொன்னுதுரை ஐயா என் மேசைக்கு வந்தார். "அந்த வரியை நான் வாசிச்சுத்தான் அனுப்பினனான், பிள்ளை. உன்னை மாதிரி டைப் அடிக்க வேற ஆளை எங்க தேடுறது?"
எனக்கு அழுகை வந்துவிட்டது.

5 செப்டம்பர் 1957
கால்வாய் திறந்து மாதக்கணக்காகிறது. டீசல் தாராளம். பாயும் எண்ணெய் ஊற்றுவதை விட்டுவிட்டார். போன சனிக்கிழமை நாட்டுக்குச் சுதந்திரமும் வந்துவிட்டது.
புதிய அதிகாரி இன்று பழைய கோப்பைப் புரட்டினார். காலை பஸ்ஸில் கூட்டம் குறைவாம், நிறுத்திவிடலாமாம். சோதனை முடிந்ததா என்று கேட்டார். நான் பொன்னுதுரை ஐயாவைப் பார்த்தேன். அவர் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார்.
"இன்னும் முடியலைங்க" என்றேன்.
அடுத்த மாதம் தீபாவளி. டின்களைக் கழுவி வைக்கவேண்டும்.