இரங்கல் கூட்டத்தில் கேட்ட காலைக் கேள்வி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மேலத்தெருவில் காதுகுத்து. மைக் என் கையில். பிள்ளைக்கு வலித்ததைவிட கேட்டவர்களுக்குத்தான் அதிகம் வலித்ததாம், இருளம்மாள் சொல்கிறாள். பெண்டாட்டி வேறெப்படிச் சொல்வாள்? கடைசியில் மொய் எழுதுகிறவரே எழுந்து வந்து, "முனியராஜு, போதும்ப்பா, இலை காயுது" என்றார்.

வீட்டில் வேல்விழி காலேஜ் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மேடைப்பேச்சு என்று ஒரு பாடமாம். விளக்கும் பேச்சு, இணங்க வைக்கும் பேச்சு, மகிழ்விக்கும் பேச்சு, வாழ்த்து இரங்கல் மாதிரி சடங்குப் பேச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் உண்டாம்.

"அப்பா, நீங்க பேசுறது இதுல எதுலயுமே வரல."

பத்தாவதில் கணக்கில் பெயிலானவனைப் பாடத்திலா சேர்ப்பார்கள்?

ஆனாலும் யோசித்தேன். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் என்ற முறையில் தினம் காலையில் நான் பேசுகிற பாதுகாப்புப் பேச்சு எந்த வகை? வேலை தொடங்குமுன் வேப்பமரத்தடியில் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். நான் கேட்பேன், அவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள்.

"செல்போன்?" "வாட்ச்மேன்கிட்ட!"

"மருந்து கலக்குறது எப்ப?" "காலையில!"

"வெயில் ஏறுனா?" "நிறுத்தணும்!"

மருந்து கலக்குகிற சின்னச்சாமி மட்டும் பின்னாலிருந்து, "சாப்பாடு எப்ப?" என்பான். பொம்பளைகள் சிரிப்பார்கள். அப்போ இது விளக்கமா, மகிழ்விப்பா?

"ரெண்டும்தான்ப்பா. ஆனா கேட்டபடி நடக்கலேன்னா வெறும் சடங்கு" என்கிறாள். பிள்ளையைப் படிக்க வைத்தது என் தப்பு.

ஆகஸ்ட் 7, வியாழன்

சின்னச்சாமி போயிட்டான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

உச்சி வெயில். வடநாட்டு ஆர்டர், லோடு ஏற்ற லாரி நிற்கிறது. மேனேஜர் சபரிநாதன் சார் வந்து, "சின்னச்சாமிய இன்னொரு கலவை போடச் சொல்லு" என்றார். "சார், வெயிலு…" என்று இழுத்தேன். "சீசன்ல வெயில் பாக்க முடியுமா முனியராஜ்?"

சின்னச்சாமி சிரித்தான். "நீங்க போங்கண்ணே, சோத்துக்கு முன்னாடி முடிச்சிருதேன்." நான் பேக்கிங் பக்கம் போனேன். அப்புறம் சத்தம். அவன் இருந்த ரூம் இல்லை.

எங்கள் தெருவில் எந்தச் சாவுக்கும் வேட்டுப் போடுவோம். இன்று யாரும் போடவில்லை. போடச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. செருப்புச் சத்தத்தோடு தூக்கிப்போனோம்.

அவன் பெண்டாட்டி ஞானசுந்தரி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அண்ணே, அந்நேரத்துல அவருக்கு அங்கன என்ன வேல?"

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேனேஜர் வீட்டுக்கே வந்தார். இருக்கிற ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை இருளம்மாள் துடைத்துப் போட்டாள்.

வெடித்த ரூமுக்கு மட்டும்தான் சீல். செவ்வாய்க்கிழமை கம்பெனியில் இரங்கல் கூட்டமாம். நான் பேசணுமாம். "நீங்க பேசுனாத்தான் ஜனம் கேக்கும். நல்லவரு, உழைப்பாளி, எல்லாம் சொல்லுங்க. நடுவுல ஒண்ணு, சொல்றதக் கேக்காம நேரங்கெட்ட நேரத்துல அவராவே போய்க் கலந்துட்டாருன்னு. மத்தவங்களுக்கும் ஒரு பாடமா இருக்கும்ல? புதன்கிழமை எல்லாரும் வேலைக்கு வந்துறணும்."

அவர் போனதும் வேல்விழி, "இது இரங்கல் பேச்சு இல்லப்பா. இணங்க வைக்குற பேச்சு. மாலை மட்டுந்தான் இரங்கலுக்கு" என்றாள்.

"ஏட்டி, சும்மா கெட. நீ படிக்கிறதே அந்தக் கம்பெனிச் சம்பளத்துலதான்" என்றாள் இருளம்மாள்.

ரெண்டு பேர் சொல்வதும் சரிதானே. நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 11, திங்கள்

கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தேன். "அவராவே போய்" என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் இருமல் வருகிறது. நான் சொன்னால் ஊர் நம்பும். அவன் பிள்ளைகள் காலத்துக்கும், புத்திகெட்டுச் செத்தவன் பிள்ளைகள். சொல்லாவிட்டால் வேலை?

மைக் பிடிக்கத் தெரியாதவனாகப் பிறந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீரமாகப் பேசினேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அதில்லை.

கூட்டம் அதே வேப்பமரத்தடியில். தினம் நிற்கிற வரிசையில் ஜனம். நாற்காலியில் சின்னச்சாமி படம், மாலை. முன்னால் ஞானசுந்தரி. மைக்கைப் பிடித்ததும் பேசிப் பார்த்தது அத்தனையும் போய்விட்டது. வாய் மட்டும் பழகின பாதையில் ஓடியது —

"மருந்து கலக்குறது எப்ப?"

இரங்கல் கூட்டத்தில்! எந்த மடையனாவது கேட்பானா?

அவர்களும் பழக்கத்தில், "காலையில!"

"வெயில் ஏறுனா?"

"நிறுத்த…"

பாதியில் அறுந்தது. எல்லாத் தலையும் மெதுவாக மேனேஜர் பக்கம் திரும்பியது. ஞானசுந்தரி தலையும்.

அவர் கேட்ட வாக்கியத்தை நான் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. "சின்னச்சாமி நல்லவன்" என்று மட்டும் சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டேன். வாழ்க்கையிலேயே நான் பேசிய சின்னப் பேச்சு.

ஆகஸ்ட் 13, புதன்

கேட்டிலேயே வாட்ச்மேன் மறித்தார். "உங்கள உள்ள விடவேணாம்னு சொல்லிட்டாகண்ணே." பாவம், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இருளம்மாள் திட்டவில்லை. அதுதான் பயமாயிருக்கு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஞானசுந்தரி வீட்டுக்குப் போய் அன்றைக்கு நடந்ததை முழுசாகச் சொன்னேன். யார் சொன்னது, நான் எங்கே போனேன், எல்லாம். கேட்டு முடித்ததும் அவள், "இத எங்கிட்ட மட்டும் சொல்லி என்னண்ணே செய்ய? வெள்ளிக்கெழம சிவகாசியில விசாரிக்க அதிகாரி வாராக" என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சிவகாசியில் விசாரணை. ஒரு மேசை, ஒரு அதிகாரி, தலைக்கு மேலே கிறீச்சிடும் ஃபேன். ஜோக் எதுவும் வரவில்லை. நடந்ததைக் குனிந்தபடி முணுமுணுத்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க, கேக்கல" என்றார் அதிகாரி. பிறந்ததிலிருந்து என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை.

மறுபடி சொன்னேன். லாரி நின்றது, வெயில், மேனேஜர் சொன்னது. பதிலுக்கு நான் இழுத்தது, இழுத்துவிட்டுப் போனது. அதையும் எழுதச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால் படிக்கட்டில் கம்பெனிப் பொம்பளைகள். இன்றைக்குக் கம்பெனி வேனில் ஏறாமல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள்.

"ஏம்மா, வேலைக்குப் போகலையா?" என்றேன்.

பேக்கிங் ராக்கம்மா, கூட்டமாகப் பதில் சொல்லும்போதுகூட உதட்டை மட்டும் அசைப்பவள், எழுந்து சேலையை உதறி இழுத்துச் செருகினாள்.

"உள்ள ஒவ்வொருத்தராத்தான் விடுவாகளா, இல்ல சேந்து போகலாமாண்ணே?"